மாயக்காள் மிதிக்காத வாசல்

மாயக்காளும் ஜோதிலட்சுமியும் பேச்சை முறித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஓடைப்பட்டிக் கீழத்தெருவில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வீடு. தண்ணீர் பிடிப்பது ஒரே குழாயில், வேலைக்குப் போவது ஒரே திராட்சைத் தோட்டங்களுக்கு, ஏறுவது ஒரே மினி வேனில். ஆனாலும் ஜோதிலட்சுமி குடத்தோடு வருவதைப் பார்த்தால் மாயக்காள் பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். ஜோதிலட்சுமியின் மகள் கல்யாணத்துக்குத் தெருவே போய்ப் பந்தியில் உட்கார்ந்தது. மாயக்காள் போகவில்லை. சாவு வீட்டில்கூட அவள் இருக்கும் பக்கம் இவள் உட்கார மாட்டாள். இதைத் தப்பு என்று தெருவில் யாரும் சொன்னதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்.

ஜோதிலட்சுமி வேற்றாள் இல்லை. மாயக்காளின் புருஷன் சின்னக்கருப்புவுக்குச் சித்தப்பா மகள். கூடப் பிறந்தவளைப் போல அண்ணே, அண்ணே என்று சுற்றி வந்தவள். அந்த அண்ணனைத்தான் கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்று காலை வாரிவிட்டாள்.

சின்னக்கருப்பு செங்கொடிக் கட்சிக்காரர். தோட்டத் தொழிலாளர் சங்கத்தை இந்தப் பக்கத்தில் கட்டியவர். பந்தலில் பழுத்த திராட்சைக் குலை நாலு நாள் கூடுதலாகத் தொங்கினால் உதிர ஆரம்பித்துவிடும், வியாபாரி சீந்த மாட்டான். அதனால் கூலி கேட்க வெட்டுக் காலம்தான் சமயம் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு சித்திரை மாதம் சுற்றுவட்டாரத்தில் வெட்டு நின்றது, தோட்டக்காரர்கள் முனகிக்கொண்டே இறங்கி வந்தார்கள். முத்துராஜா மட்டும் இறங்கவில்லை. அப்போதே அவனுக்குப் பெரிய தோட்டமும் குளிர்பதனக் கிடங்கும் இருந்தன. வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். சின்னக்கருப்பு தோட்டத்துக் கேட்டுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். இரும்புக் குழாயோடு நாலைந்து பேர் இறங்கினார்கள்.

அந்த நேரத்தில் மாயக்காள் வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் மேடையில் சாமி இல்லை என்று பேசுவார், பெண்டாட்டி தீச்சட்டி எடுப்பாள். இந்தப் பக்கத்துக் கட்சிக் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. போய்ட்டு வா, கூட்டத்துல கால் சுட்டுக்காத என்று அவர்தான் பஸ் ஏற்றி அனுப்பினார். மஞ்சள் சேலையோடு திரும்பி வந்தவளைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இரும்புக் குழாயைப் பார்த்ததும் சின்னக்கருப்புவோடு கேட்டில் நின்றவர்கள் சிதறி ஓடிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி எல்லாவற்றையும் பார்த்தது ஜோதிலட்சுமி மட்டும்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாயக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலடித்து அழுதாள். "மொதலாளி ஜீப்புல ஒக்காந்துக்கிட்டே, விடாதீகடா அடிங்கன்னு சொன்னாக மதினி. என் ரெண்டு கண்ணால பாத்தேன்." போலீசிலும் அப்படியே சொன்னாள்.

தலையில் அடிபட்ட சின்னக்கருப்பு அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலே உயிரோடு இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மாயக்காளை அம்மா என்று கூப்பிடுவார். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. வழக்கு அதற்கும் பிறகுதான் உத்தமபாளையம் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. ஜோதிலட்சுமி கூண்டில் ஏறினாள். சம்பவ இடத்தில் முத்துராஜா இருந்தாரா என்று வக்கீல் கேட்டார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அவுக அங்கன இல்லைங்கய்யா."

கூலிக்கு அடித்த இரண்டு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். முத்துராஜா விடுதலையாகி மாலை போட்டுக்கொண்டு ஊர் திரும்பினான். பஸ்ஸில் ஜோதிலட்சுமி கடைசி சீட்டில் அழுதுகொண்டே வந்தாள். மாயக்காள் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சு அதோடு முடிந்தது.

கட்சி மட்டும் இல்லையென்றால் அந்த வருஷமே மாயக்காளும் போய்ச் சேர்ந்திருப்பாள். ஒரே மகன் மதன்குமார் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். தனி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளைச் சங்கத்துப் பெண்கள்தான் வந்து எழுப்பினார்கள். கூட்டத்துக்குப் போனாள். கொடி பிடித்தாள். ஒருநாள் மைக்கைக் கையில் கொடுத்தார்கள், பேசினாள். தொண்டை அடைக்காமல், வளவளவென்று இழுக்காமல், மேலே இருப்பவனைப் பார்த்து நேரே கேட்பதுபோல் பேசினாள். அவள் பேச்சுக்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. நாளடைவில் கிளைச் செயலாளர் ஆனாள்.

அந்தக் கட்சியில் ஒரு நடைமுறை உண்டு. மற்றக் கட்சிக்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கிளைக் கூட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசலாம், மேசையைத் தட்டலாம், மாவட்டத்துத் தலைவரையே முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லலாம். ஓட்டெடுத்து முடிவாகிவிட்டால் அவ்வளவுதான். கதவைத் திறந்து வெளியே வந்ததும் எதிர்த்தவரும் அந்த முடிவைத்தான் தன் முடிவு என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். சின்னக்கருப்பு இதைப் பெருமையாகச் சொல்லுவார். "மத்த கட்சியில வெளிய சிரிச்சுக்கிட்டு உள்ள குத்துவாக. நம்ம கட்சியில உள்ள குத்திக்கிட்டு வெளிய சேந்து நிப்போம்." மாயக்காளுக்கு அது வேதவாக்கு. புருஷன் விட்டுப்போன சொத்து என்று அவள் நினைத்தது அதைத்தான்.

கீழத்தெரு முக்கில் அப்போது எத்தனையோ கொடிக்கம்பங்கள் நின்றன. எந்தக் கொடிக்கு எந்தக் கொடி உறவு, எந்தக் கொடிக்கு எது பகை என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். போன தடவை ஒரே மேடையில் கைகோத்தவர்கள் இந்தத் தடவை ஒருவரை ஒருவர் திருடன் என்பார்கள். சம்பந்தம் பேசுகிற வீட்டில்கூட இத்தனை சீக்கிரம் மனம் மாறாது. சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் தெரு இதைப் பார்த்துக்கொண்டிருந்தது, முத்துராஜாவுக்கு சீட்டுக் கிடைக்கிற வரைக்கும்.

முத்துராஜா இதற்குள் படகுச் சின்னத்துக் கட்சியில் ஒன்றியம், மாவட்டம் என்று ஏறியிருந்தான். சட்டமன்றத் தேர்தல் வந்தது. கிளைக் கூட்டத்துக்கு மாவட்டக் குழுவிலிருந்து லிங்கேஸ்வரன் வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாமல் கட்சிக்கே உழைத்தவர், நல்ல மனுஷர். அடிபட்ட சின்னக்கருப்புவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். சங்கக் கட்டடத்துத் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"தொகுதி நமக்குக் கிடைக்கல தோழர். கூட்டணியில படகுக் கட்சிக்குப் போயிருச்சு."

"சரி, போகட்டும். யாரப் போட்டிருக்காக?"

"முத்துராஜாவ."

மாயக்காள் சிரித்தாள். "வெளாட்டுக்குத்தான சொல்றீக?"

லிங்கேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிறகு பேசினார். "ஒங்க கோவம் எனக்குத் தெரியாதா தோழர்? என் சட்டையிலயும் அவரு ரத்தம் பட்டிருக்கு. ஆனா எதிர்ப்பக்கம் நிக்கிறது யாருன்னு பாருங்க. சாதியையும் சாமியையும் சொல்லி ஊரு ஊரா மூட்டி விடுறவுக. அவுக கையில ஆட்சி போச்சுன்னா சங்கமும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம். முத்துராஜா கெட்டவன், நான் மறுக்கல. ரெண்டுல பெரிய எதிரி யாருன்னு பாத்துத்தான் நாம நிக்க முடியும்."

"பெரிய எதிரி, பெரிய எதிரின்னு சொல்லித்தான் தோழர் போன தடவை ஒரு பக்கம் நின்னோம். இந்தத் தடவை இன்னொரு பக்கம் நிக்கப் போறோம். என் வீட்டு எதிரி மட்டும் எப்பவும் சின்ன எதிரியாவே இருக்கானே, அது எப்படி?"

லிங்கேஸ்வரன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. எதிர்ப்பக்கத்தார் பக்கத்து ஊர் ஒன்றில் செய்துவிட்டுப் போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அங்கே எரிந்த கடைகளுக்கு முன்னால் நின்று பேசியவளே மாயக்காள்தான். நெடுநேரம் விவாதம் நடந்தது. ஓட்டெடுத்தார்கள். முத்துராஜாவை ஆதரிக்கக் கூடாது என்று மாயக்காளும் இன்னொருவரும் மட்டும் கை தூக்கினார்கள்.

வெளியே வரும்போது லிங்கேஸ்வரன் அவளைத் தனியே நிறுத்தினார். "நீங்க வீட்ல இருந்துக்கங்க தோழர். ஒடம்பு சரியில்லைன்னு நான் சொல்லிக்கிறேன். ஒருத்தரும் ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டாக."

எத்தனையோ நாளைக்குப் பிறகும் மாயக்காள் இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றாள். அவர் கதவைத் திறந்துதான் விட்டார். அவள் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "செயலாளரு இழுத்துப் போத்திப் படுத்துக்கிட்டா அப்பறம் கிளை எதுக்கு? அவரு இருந்தா படுத்திருப்பாரா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

முத்துராஜா திறந்த ஜீப்பில் கீழத்தெருவுக்கு வந்தான். மைக் கட்டிய ஆட்டோ முன்னால் வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை, ஏழைகளின் தோழன், அண்ணன் முத்துராஜா என்று ஒரு கட்டைக்குரல் அதில் முழங்கியது. ஆரத்தித் தட்டை மாயக்காள் கையில் யாரும் கொடுத்துவிடக் கூடாது என்று லிங்கேஸ்வரன் சொல்லி வைத்திருந்தார். அவள் கூட்டத்தோடு கூட்டமாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாகத்தான் நின்றாள். முத்துராஜா அவளைப் பார்த்துவிட்டான். ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தான். "அக்கா, ஆசீர்வாதம் பண்ணுங்கக்கா" என்று நடுத்தெருவில் அவள் காலில் விழுந்தான். எழுந்து தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினான். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. அவன் மேலிருந்து சந்தன வாசனை அடித்தது. மாயக்காள் கைகளைக் குவித்து நின்றாள். படம் அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போய்விட்டது.

மதன்குமார் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். "அப்பாவக் கொன்னவன் கையால சால்வை வாங்குனீகளாம்மா?" என்று கேட்டான். கட்சி முடிவுடா என்றாள். அவன் போனை வைத்துவிட்டான். பிறகு மாதக்கணக்கில் கூப்பிடவில்லை.

தெருப் பெண்கள் அசையவில்லை. வேட்பாளர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தப் பாவிக்கா ஓட்டு, எங்கள் கை அழுகிவிடும் என்றார்கள். மாயக்காள் வீடு வீடாகப் போனாள். பெரிய எதிரி, சின்ன எதிரி என்று தனக்குச் சொல்லப்பட்டதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்கள். ஒரு வீட்டில் ஒருத்தி கேட்டாள்: "அவரு இருந்தா என்ன சொல்லுவாருக்கா?" மாயக்காள் சற்றுத் தயங்கினாள். "அவரே ஒங்க வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்டிருப்பாருத்தா. கட்சி சொன்னா மறுபேச்சுப் பேசாத மனுசன்" என்றாள். அந்த வீட்டில் முகங்கள் இளகின. சரிக்கா, அவருக்காகப் போடுறோம் என்றார்கள். அடுத்த வீட்டில் மாயக்காள் அதையே முதலில் சொன்னாள். செத்தவர் மறுத்துப் பேசப் போவதில்லை.

ஜோதிலட்சுமி வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. இருவர் வீட்டுக்கும் நடுவில் இருந்த வீட்டில் சுபாஸ்ரீ என்ற இளம்பெண் இருந்தாள். கட்டிக்கொண்டு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அவளுக்குச் சின்னக்கருப்புவைத் தெரியாது. அதனால் அவர் பெயரைச் சொல்லியும் பயனில்லை.

"அதெல்லாம் சரித்தே" என்றாள் சுபாஸ்ரீ. "ஜீப்புல ஒக்காந்துக்கிட்டு அடிக்கச் சொன்னாகன்னுதான எங்க மாமியா சொல்லுது? அம்புட்டு ஈவு எரக்கம் இல்லாதவுகளுக்கு எப்படித்தே போடுறது?"

மாயக்காள் காலையிலிருந்து நடந்து களைத்திருந்தாள். தொண்டை வறண்டிருந்தது. இன்னும் அரைத் தெரு பாக்கி இருந்தது. அந்த அலுப்பில், தான் என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. மைக்கில் பேசிப் பழகிய குரல் வேறு.

"கோர்ட்டே சொல்லிருச்சேத்தா. அவுக அங்கன இல்ல."

இத்தனை வருஷமாக அவன், அந்த நாய் என்று மட்டுமே முத்துராஜாவைச் சொல்லிவந்தவள் அவள். சுபாஸ்ரீ, அப்படியா, அப்பச் சரித்தே என்று தலையாட்டினாள். மாயக்காள் எழுந்து அடுத்த வீட்டைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுக்குப் போனாள். மிச்சம் இருந்த வீடுகளிலும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். அதுதான் சுலபமாக வேலை செய்தது.

முத்துராஜா ஜெயித்தான். கீழத்தெரு ஓட்டு முழுக்கப் படகுக்கு விழுந்தது என்று லிங்கேஸ்வரனே வந்து சொல்லி, மாயக்காளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி சொல்ல வந்த முத்துராஜா மைக்கில் பேசினான்: "சின்னக்கருப்பு அண்ணன் குடும்பமே என் பக்கம் நின்னுச்சு. எம் மேல சுமத்துன பழியை அவுகளே தொடச்சுட்டாக." கூட்டம் கை தட்டியது. மாயக்காளும் தட்டினாள். பக்கத்தில் நின்ற லிங்கேஸ்வரன் தட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சின்னக்கருப்பு நினைவு நாளில் அவர் எப்படிச் செத்தார் என்பதைச் சொல்வது நின்றுபோயிற்று. கூட்டணி தர்மம் என்றார்கள். தோழர் நம்மை விட்டுப் பிரிந்தார் என்று மட்டும் பேசினார்கள், ஏதோ காய்ச்சலில் போனவர் மாதிரி. படத்துக்கு மாலை போட்டுக் கொடியேற்றிவிட்டுக் கலைந்தார்கள். முத்துராஜா தோட்டத்தில் கூலி ஏறவில்லை. சங்கம் என்று வாயெடுத்தவர்களை, ஒங்க அக்காவப் போய்க் கேளுங்க என்று கணக்கப்பிள்ளை விரட்டினான். மாயக்காள் அப்போதும் மினி வேனில் வேலைக்குப் போய்வந்தாள். வேனில் பெண்கள் அவளோடு பேசினார்கள், ஆனால் முன்னைப்போல் அவளிடம் எதையும் முறையிடவில்லை.

அடுத்த தேர்தல் வாடை அடித்ததும் படகுக் கட்சி கூட்டணியை முறித்துக்கொண்டது. பெரிய எதிரி என்று லிங்கேஸ்வரன் யாரைச் சொன்னாரோ அவர்களோடு போய்ச் சேர்ந்தது. முத்துராஜா புதுக் கூட்டணி மேடையில் காவித் துண்டு போட்டுக்கொண்டு கும்பிட்டதை மாயக்காள் டீக்கடை டிவியில் பார்த்தாள். அதே சிரிப்பு. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னக்கருப்பு பெயரைச் சொல்லி வீடு வீடாக வாங்கிக் கொடுத்த ஓட்டு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரமே லிங்கேஸ்வரன் வந்தார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. ஒரு கட்டு நோட்டீசைக் கொண்டுவந்து வைத்தார். அதில் சின்னக்கருப்புவின் படம் பெரிதாகப் போட்டிருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் தியாகி என்று இருந்தது.

"உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல ஆர்ப்பாட்டம் தோழர். துரோகி முத்துராஜாவத் தோலுரிச்சுக் காட்டணும். நீங்கதான் பேசணும். அன்னைக்கு நடந்தது எல்லாத்தையும் சொல்லுங்க. இப்பச் சொல்லலாம்."

"இப்பச் சொல்லலாமா?" என்று கேட்டாள் மாயக்காள்.

"இப்பத் தடையில்ல தோழர்."

அவரைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவரும் பாவம், ஒரு கூட்டம் சொன்னதை இன்னொரு கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தே கிழவராகிவிட்டார். கூடவே தெருப் பெண்களையும் கூட்டி வாருங்கள், வேன் வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். மாயக்காள் கொஞ்ச நேரம் சின்னக்கருப்பு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழக்கம்போல் கிளம்பினாள். கட்சி முடிவு செய்துவிட்டால் கிளம்ப வேண்டும், அதைத் தவிர வேறு எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியாது.

ஆர்ப்பாட்டத்தன்று காலையில் வீடு வீடாக நோட்டீசைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு ரேஷன் கடைக்குப் போக வேண்டும், ஒருத்தி பேசாமல் உள்ளே போய்விட்டாள். சுபாஸ்ரீ மட்டும் நோட்டீசை நிதானமாக வாசித்துவிட்டு மனசில் பட்டதைக் கேட்டாள்.

"அன்னைக்கு எங்க அடுப்படியில ஒக்காந்து, அவுக அங்கன இல்லைன்னு சொன்னீக. இன்னைக்கு அவுகதான் நின்னு அடிச்சுக் கொன்னாகன்னு போட்டிருக்கு. நாங்க எதத்தே நம்புறது?"

மாயக்காள் மிச்ச நோட்டீசுகளை எடுத்துக்கொண்டாள். ஒண்ணுமில்லத்தா, நீ வேலையப் பாரு என்று படியிறங்கினாள்.

அடுத்த வாசலில் ஜோதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். தலை நரைத்து, உடம்பு வற்றி, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. இத்தனை காலமும் மாயக்காளைக் கண்டால் உள்ளே போய்விடுகிறவள், இன்றைக்கு நகரவில்லை.

"மதினி" என்றாள். "வெயில்ல அலையிறீக. உள்ள வாங்க, தண்ணி குடிங்க."

மாயக்காள் அப்படியே நின்றாள். வேறு நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள்.

"சுவத்துக்கு அங்கிட்டுப் பேசுனா இங்கிட்டுக் கேக்கும் மதினி" என்றாள் ஜோதிலட்சுமி. குரலில் சண்டையே இல்லை. "ஓட்டுக் கேட்டு வந்தப்ப நீங்க சொன்னதும் கேட்டுச்சு. அன்னைக்கு நான் கூண்டுல ஏறிச் சொன்னது மாதிரியே சொன்னீக. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப் போச்சு."

மாயக்காள் நோட்டீசுக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதுக்குச் சொன்னேன்னு நீங்க கேக்கவே இல்ல. எம் மக தேவயானிக்கு நிச்சயம் பண்ணுன அன்னைக்கு அவுக ஆளுக ரெண்டு பேரு வந்து இந்த வாசல்ல நின்னாக. ஒத்த வார்த்தை பேசல. சாப்புடுங்கன்னு கூப்புட்டோம், வேண்டாம்னாக. புள்ளையவே பாத்துக்கிட்டு, மாப்பிள்ளை வீட்டாக கெளம்புற வரைக்கும் நின்னாக. மறுவாரம் கோர்ட்டு. அண்ணன் செத்துப் போச்சு, புள்ளை உசுரோட இருக்குன்னு நெனச்சேன். அதான் சொன்னேன்." சொம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஒங்க வாசல்ல யாரு மதினி வந்து நின்னா?"

யாரும் நிற்கவில்லை. வீட்டில் இருந்துகொள்ளச் சொன்னார் லிங்கேஸ்வரன், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்றார். மாயக்காளின் கையில் நோட்டீசுகள் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சின்னக்கருப்பு ஒரே மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குத்திக் காட்டக் கேக்கல மதினி. பன்னெண்டு வருசமா இதத் தனியாச் சொமந்தேன். இப்ப நீங்களும் ஒருத்தி இருக்கீக. அம்புட்டுத்தான். உள்ள வந்து ஒக்காருங்க."

தெரு முக்கில் மைக் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. தியாகி தோழர் சின்னக்கருப்புவை அடித்துக் கொன்ற கொலைகாரன், துரோகி முத்துராஜாவைக் கண்டித்து, அனைவரும் திரண்டு வாரீர், திரண்டு வாரீர் என்று கட்டைக்குரல் முழங்கியது. உங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொன்ன அதே குரல், அதே ஆட்டோ. ஆள் ஒருவன்தான், யார் கூப்பிட்டாலும் வந்து பேசிவிட்டுப் போவான். கொலைகாரன் என்பதை இன்றைக்கு அவன் உருக்கமாகத்தான் சொன்னான். கீழத்தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஆட்டோவுக்குப் பின்னால் வேன் காலியாக வந்து நின்றது.

"ஒங்களத்தான் கூப்புடுறாக" என்றாள் ஜோதிலட்சுமி.

மாயக்காளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். புருஷன் எப்படிச் செத்தார் என்று இத்தனை நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த உண்மையை யாரும் பிடுங்கவில்லை, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று மட்டும் தெரிந்தது. இனி மைக்கில் நின்று என்ன சொன்னாலும் அது இன்றைய கூட்டணிக்கு ஏற்ற பேச்சாகத்தான் ஊருக்குக் கேட்கும். அன்றைக்கு அந்தக் கேட்டுக்கு முன்னால் நடந்ததை நம்பும்படி சொல்ல இனி இந்த உலகத்தில் ஒரு வாய்கூட இல்லை. பார்த்தவள் ஒருத்தி, அவள் இல்லையென்றாள். பறிகொடுத்தவள் ஒருத்தி, அவளும் இல்லையென்றாள்.

அவள் அந்த வாசலை மிதித்து உள்ளே போனாள். சுவரோரம் உட்கார்ந்து, சொம்பை வாங்கி, தண்ணீரைக் குடித்தாள். ஜோதிலட்சுமி எதிரே உட்கார்ந்தாள். வெளியே வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.